ஐம்பத்தொரு சதவீத முதலாளி

காகிதத்தில் நான் ஒரு கம்பெனியின் தலைவி. நூற்றுக்கு ஐம்பத்தொன்று என் பேரில், மீதி என் கணவன் வெண்டெல் பேரில். நிஜத்தில் நான் அமெரிக்காவின் டேட்டன் நகரத்தில் ஒரு பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறேன். ஊரார் பல்லில் ஊறிப்போன கறையைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை சுரண்டி எடுப்பது என் தொழில். அருவருப்பு எனக்குப் பழகிப்போன சங்கதி. அப்படிப்பட்ட எனக்கே ஒரு நாள் குமட்டியது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்டெலின் கம்பெனி, விமானத்துக்கான உணர்கருவிகளை ஆராய்வதாகச் சொல்லி அரசாங்கப் பணம் வாங்கிப் பிழைப்பது. முதலாளி பெண் என்றால் அரசாங்கத்தில் சில கதவுகள் சுலபமாகத் திறக்கும். அதற்காகத்தான் எனக்கு அந்த ஐம்பத்தொன்று. அதிகாரிகள் வருகிற நாளில் நான் லீவு போட்டுவிட்டு, கருநீலக் கோட்டு மாட்டிக்கொண்டு, நீள மேஜையின் தலைமாட்டில் போய் உட்கார வேண்டும்.

"காபி நீ எடுத்துட்டு வராத மார்லிஸ். பிரசிடென்ட் காபி தூக்குனா நல்லாருக்காது," என்பான் வெண்டெல். "'எங்க ஆளுங்கள நெனச்சா பெருமையா இருக்கு'ன்னு மட்டும் சொல்லு. அதுக்கு மேல வாயத் தொறக்காத."

அதிகாரியின் கார் வாசலைத் தாண்டியதும் தலைவி கோட்டைக் கழற்றிவிட்டுக் கப்பெல்லாம் கழுவுவாள். இதுவும் வழக்கம்தான்.

இந்தத் தொழிலில் மூன்று கட்டம் உண்டு. ஒரு கருவி சாத்தியமா என்று யோசிக்க முதல் கட்டப் பணம். செய்து பார்க்க இரண்டாம் கட்டப் பணம், அது பெரிய பணம். மூன்றாம் கட்டத்தில் அரசாங்கம் கையை உதறிவிடும். விற்றுப் பிழைத்துக்கொள் என்று அர்த்தம். வெண்டெல் இருபது வருஷமாக அந்த மூன்றாம் வாசல் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. "விக்கிறது கடைக்காரன் வேலை. நான் விஞ்ஞானி," என்பான், ஏதோ தவம் செய்கிறவன் மாதிரி. கம்பெனி ஹாலில் ஒரு கண்ணாடி அலமாரி. அதில் வரிசையாகக் கருவிகள், ஒவ்வொன்றுக்கும் கீழே பித்தளையில் பெயர். எதுவும் வானத்தைப் பார்த்ததில்லை. எனக்கு அந்த அலமாரியைக் கடந்து போகவே பிடிக்காது, சுடுகாட்டு வாசனை அடிக்கிற மாதிரி இருக்கும்.

ஒன்றே ஒன்று மட்டும் தப்பித் தவறி வானத்துக்குப் போனது. எங்களிடம் வேலை பார்க்கும் டாரல் ப்ரூயிட் ஆறு வருஷம் உட்கார்ந்து செய்த வில்லை அது. காசு அளவுதான் இருக்கும். விமானத்தின் இறக்கையில் ஒட்டிவிட்டால், பனிக்கட்டி படிய ஆரம்பிக்கும்போதே விமானியின் முன்னால் ஒரு சிவப்பு விளக்கு எரியும். மின்னசோட்டா மாநிலத்தின் வடக்குக் கோடியில் ஹால்வர்சன் என்றொருவர் சின்னச் சரக்கு விமானங்கள் ஓட்டுகிறார். தபாலும் ஆஸ்பத்திரி ரத்தமும் கொண்டுபோவார்கள். சோதனைக்காக அவருடைய சில விமானங்களில் ஒட்டிக் கொடுத்தார்கள். போன குளிர்காலத்தில் பிரிட்டா என்ற விமானி, வெளியே ஒன்றும் தெரியாத இருட்டில், விளக்கு எரிந்ததை மட்டும் நம்பித் திரும்பி வந்து இறங்கினாள். இறக்கையில் விரல் தடிமனுக்குப் பனி இருந்ததாம். ஹால்வர்சன் அன்றே கூப்பிட்டு, எல்லா விமானத்துக்கும் வேண்டும், விலையைச் சொல்லுங்கள் என்றார்.

இதெல்லாம் எனக்கு ஒரு நவம்பர் காலையில்தான் தெரிந்தது. அன்று வேறொரு அரசாங்க அலுவலகத்திலிருந்து ரென்ஃப்ரோ என்ற அதிகாரி அம்மாள் வருவதாக இருந்தது. நான் கொஞ்சம் முன்னாலேயே போய்விட்டேன். பின் அறையில் டாரல் ஒரு டப்பாவை முன்னால் வைத்துக்கொண்டு எதையோ சுரண்டிக்கொண்டிருந்தான். கையில் இருந்தது என் கருவியேதான், பல் சுரண்டுகிற கொக்கி.

"என்ன டாரல், என் பொழப்புல கை வெக்கிறீங்க?" என்றேன்.

அவன் சிரிக்கவில்லை. "வில்லைங்க பின்னாடி விமானத்து பெயின்ட் ஒட்டியிருக்கு. எடுத்துட்டு புதுசு மாதிரி வெக்கச் சொன்னாரு."

"எதுக்கு?"

"இன்னிக்கி வர்றவங்ககிட்ட இத வேற பேர்ல, புது யோசனைன்னு காட்டப் போறாரு. மறுபடி முதல் கட்டத்துலேருந்து. புதுசுன்னா பறந்திருக்கக் கூடாதுல்ல? அதான் ஹால்வர்சனுக்கு வக்கீல் கடுதாசி விட்டு எல்லாத்தையும் பிச்சி வாங்கிட்டாரு."

"இந்தக் குளிர்லயா?"

"நேத்து அவரு போன் பண்ணாரு. 'என் பசங்க மறுபடி குருடனாட்டம் பறக்குறாங்கப்பா'ன்னாரு. நான் என்னங்க சொல்றது? என் சம்சாரத்துக்கு டயாலிசிஸ் நடக்குது. இந்த வேலை போச்சுன்னா இன்சூரன்ஸும் போச்சு." சொல்லிவிட்டு மறுபடி சுரண்டினான். வெள்ளைத் தூள் அவன் மடியில் விழுந்தது.

நான் அழுக்கைச் சுரண்டிப் பல்லைக் காப்பாற்றுகிறேன். இங்கே நல்ல பல்லைப் பிடுங்கிவிட்டு அழுக்கைப் பத்திரப்படுத்துகிறார்கள். டப்பாவிலிருந்து, இன்னும் சுரண்டாத ஒரு வில்லையை எடுத்துக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன்.

வெண்டெல் ஹாலில் டை கட்டிக்கொண்டிருந்தான்.

"அந்த வில்லை நல்லா வேலை செய்யுதாமே?"

"அதான் பிரச்சினையே," என்றான் கண்ணாடியைப் பார்த்தபடி. "வேலை செஞ்சா கதை முடிஞ்சிது. முடிஞ்ச கதைக்கு எவன் பணம் தருவான்? உனக்குப் புரியாது, விடு. கடைசியில ஒரு கையெழுத்து இருக்கு. வழக்கம்போலப் போட்டுடு."

ரென்ஃப்ரோ அம்மாள் சரியான நேரத்துக்கு வந்தாள். வெண்டெல் திரையில் படம் போட்டு ஒரு மணி நேரம் பேசினான். 'உறைநிலைப் பரப்பு நுண்ணறிதல்' என்று புதுப்பெயர். பறக்கவிட்டுப் பார்க்க நாலு வருஷமாவது ஆகும் என்று கூசாமல் சொன்னான். டாரல் தன் ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையெழுத்துக் காகிதம் என் முன்னால் வந்தது. இந்த யோசனை வேறு எங்கும் காட்டிப் பணம் வாங்கியது இல்லை என்று அதில் இருந்தது.

"எங்க தலைவி ரெண்டு வார்த்தை பேசுவாங்க," என்றான் வெண்டெல்.

நான் பையிலிருந்து வில்லையை எடுத்து அந்தக் காகிதத்தின் மேல் வைத்தேன், பெயின்ட் ஒட்டிய பக்கம் மேலே தெரிகிற மாதிரி.

"இது என்ன வெள்ளையா?" என்றாள் ரென்ஃப்ரோ.

"விமானத்து பெயின்ட். இது ஒரு குளிர்காலம் முழுக்கப் பறந்திருக்கு. ஒரு பொண்ணு உயிரோட வந்து இறங்கியிருக்கா. மீதியில ஒட்டியிருந்த பெயின்ட்ட இன்னிக்கிக் காலையில சுரண்டிட்டாங்க."

வெண்டெல் சிரித்தான். "மார்லிஸுக்கு ஜோக்குன்னா உசுரு."

ரென்ஃப்ரோ வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். கோபப்படுவாள் என்று காத்திருந்தேன். அவளோ என் பக்கம் சாய்ந்து, குரலைத் தணித்து, பிரியமாகவே பேசினாள். "இங்க பாருங்க, நான் இத எழுதினா ஃபைல் மூடிக்கும். பழைய பணத்தையும் தோண்டுவாங்க. எனக்கும் இந்த வருஷ ஒதுக்கீடு செலவாகாம நிக்கும், அடுத்த வருஷம் வெட்டிடுவாங்க. யாருக்கும் லாபமில்ல. நான் இதப் பாக்கலன்னு வெச்சுக்கலாமே?"

வேலியும் பயிரை மேய்கிறது. எத்தனையோ அழுகல் வாயைப் பார்த்திருக்கிறேன், அன்றைக்குத்தான் எனக்கு மூக்கைப் பொத்திக்கொள்ளத் தோன்றியது.

"பாத்துட்டீங்க. எழுதுங்க," என்றேன். காகிதத்தைக் கையெழுத்துப் போடாமல் அவள் பக்கம் தள்ளினேன். "டாரல், சுரண்டுறத நிறுத்துங்க. டப்பாவ இன்னிக்கே ஹால்வர்சனுக்கு அனுப்பிடுங்க. வேற எத்தனை வேணும், என்ன வெலைன்னு நீங்களே பேசி முடிங்க. உங்க வேலை எங்கயும் போகாது."

டாரல் எழுந்தான். வெண்டெலைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தான். அப்புறம் பின் அறைக்கு ஏறக்குறைய ஓடினான்.

ரென்ஃப்ரோ பையை எடுத்துக்கொண்டு, யாருக்கும் கை கொடுக்காமல் போனாள். கார் வாசலைத் தாண்டுகிற வரை வெண்டெல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

"நீ யாருடி இதையெல்லாம் சொல்ல? நீ வெறும் காகிதத்துக்கு முதலாளி!"

"ஆமா. அந்தக் காகிதத்த எழுதுனது நீதான். அதுபடி நீ என்கிட்ட வேலை பாக்குற."

நான் கோட்டைக் கழற்றாமல் தலைமாட்டு நாற்காலியிலேயே சாய்ந்து உட்கார்ந்தேன். பின் அறையில் டாரல் டப்பாவுக்கு டேப் ஒட்டுகிற சத்தம் கேட்டது.

"கப்பெல்லாம் அப்படியே கெடக்கு பாரு, வெண்டெல்," என்றேன். "கழுவி வை."