டெரிக்கின் முதல் ஓட்டு

ப்ரையனிக்குக் கருத்து இல்லாத விஷயமே கிடையாது. சிக்ஸ்த் ஃபார்ம், அதாவது பள்ளிப் படிப்பின் கடைசி வருஷம். கேன்டீன் சாண்ட்விச்சில் ஆரம்பித்தால் மன்னர் குடும்பம்வரை ஒரே மூச்சில் போய்விடுவாள். வகுப்பில் அவள் கையைத் தூக்கினாலே ஆசிரியர் கடிகாரத்தைப் பார்ப்பார்.

அந்த வசந்தத்தில் அவள் பிடித்துக்கொண்டது நகராட்சி நீச்சல் குளத்தை. அதை விற்று அடுக்குமாடி கட்டச் சொல்கிறவர் நெடுநாளாகக் கவுன்சிலராக இருக்கும் பிளென்கின்சாப். விடக்கூடாது என்று கவுன்சில் தேர்தலில் அவரை எதிர்த்து நிற்கிறவள் கோலெட். சனிக்கிழமைதோறும் சின்னப் பிள்ளைகளுக்கு ப்ரையனி நீச்சல் சொல்லிக்கொடுப்பது அங்கேதான். ஆனால் பதினெட்டு ஆக இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தனக்கு ஓட்டு இல்லாத கோபத்தையெல்லாம் ஊரார் கதவைத் தட்டித் தீர்த்துக்கொண்டாள்.

அவள் தட்டியும் திறக்காத கதவு ஒன்று வீட்டுக்குள்ளேயே இருந்தது. அப்பா டெரிக், பஸ் டிரைவர். பிறந்ததிலிருந்து ஓட்டுப் போட்டதில்லை. வாக்குப்பதிவு அன்று சாயங்காலம் ஷூவைக் கழற்றிவிட்டு டீயோடு சோபாவில் சாய்ந்திருந்தார்.

"எந்திரிப்பா, ஓட்டுப் போட லைசென்ஸைக் காட்டணும், எடுத்துக்கோ."

"என் ஒரு ஓட்டால என்னடி கிழியப் போகுது?"

"இப்படிப் பேசிப் பேசியே நாட்டைக் குட்டிச்சுவராக்கிட்டீங்க! ஒவ்வொரு ஓட்டும் கணக்குதான்."

டெரிக் பெருமூச்சு விட்டு ஷூவைத் தேடினார். "சரி, தொலையுது. யாருக்குப் போடணும்?"

மேடைப் பேச்சுக்காரி நிமிர்ந்து நின்றாள். "அதை நான் சொல்லக்கூடாது. அது உன் மனசாட்சி. யார்கிட்டயும் சொல்லவும் வேண்டாம்."

வீட்டு ஜன்னலை அடைத்துக்கொண்டு கோலெட்டின் போஸ்டர் ஒட்டியிருக்கும்போது வேறு என்ன சொல்ல வேண்டும் என்பது அவள் எண்ணம். ஓட்டுச்சாவடியாக இருந்த தேவாலயக் கூடத்துக்குள் போய் அப்பா ஓட்டுப் போட்டுவிட்டு வரும்வரை, வாசலில் கட்டியிருந்த யாருடையதோ நாயைத் தடவிக்கொடுத்தபடி நின்றாள். திரும்பும் வழியில் அவருக்குச் சிப்ஸ் வாங்கிக் கொடுத்தாள். அவ்வளவு பெருமை அவளுக்கு.

மறுநாள் வகுப்பை மட்டம் போட்டுவிட்டு டவுன்ஹால் படிக்கட்டில் மழையில் உட்கார்ந்திருந்தாள். எண்ணினார்கள். மறுபடி எண்ணினார்கள். கடைசியில் கோலெட் கண் சிவந்து வெளியே வந்தாள்.

"ஒரே ஒரு ஓட்டும்மா," என்றாள். "ஒண்ணே ஒண்ணு. அந்த மனுஷன் ஜெயிச்சுட்டார்."

ப்ரையனி வீட்டுக்கு வந்தபோது டெரிக் முட்டை பொரித்துக்கொண்டிருந்தார். ஒரே ஓட்டில் தோற்றதைச் சொன்னாள். அவர் முகம் மலர்ந்தது.

"அட, நீ சொன்னது சரிதான்டி! ஒரு ஓட்டுக்கு இவ்வளவு பவரா?"

"அப்பா... நீ யாருக்குப் போட்ட?"

"சொல்லக்கூடாதுன்னியே?"

"சொல்லுப்பா!"

"பிளென்கின்சாப்புக்குத்தான். தினம் என் பஸ்லதான் வர்றார். ஒரு நாள்கூட 'தேங்க்ஸ் டிரைவர்'னு சொல்லாம இறங்கினதில்ல. உன் கோலெட்டும்தான் வருது. காதுல எதையோ மாட்டிக்கிட்டு, திரும்பிப் பார்க்காம போயிடும். எனக்குத் தெரிஞ்ச மனசாட்சி அதுதான்."

கத்துவதற்கு வாயைத் திறந்தாள். கத்தல் வரவில்லை, அழுகைதான் வந்தது. பாவம், பேச மட்டுமே தெரிந்த பெண் அது. விக்கி விக்கி அழுதது.

"ஏய், என்னடி இது? அடுத்த தடவை உனக்கே ஓட்டு வந்துடும், பார்த்துக்கலாம்."

"அடுத்த தடவை குளம் இருக்காதுப்பா."

"எந்தக் குளம்?" கரண்டி அந்தரத்தில் நின்றது. "உனக்கு நான் நீச்சல் பழக்கின குளமா? அதையா விக்கிறாங்க?"

"ரெண்டு மாசமா நான் வேற என்ன பேசிட்டிருந்தேன்?"

டெரிக் அடுப்பை அணைத்தார். முட்டை கருகியிருந்தது.

"நீ பேசுறதை யார்டி கேட்டா?" என்றார், குரல் இறங்கி. "நீ எப்பவும்தானே பேசுற."