கேக்குக்கு ஞானத்தாய்

‘முடியாது’ என்று சொல்வது எப்படி என்பதைக் கல்லூரிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு, பிறந்ததிலிருந்து அந்தச் சொல்லை வாயில் எடுக்காத ஒத்திலியா டீச்சரின் தலையில் வந்து விழுந்தது. பாடத்தின் பெயர் ‘வேலைவாய்ப்புக்கான தனித்திறன்கள்’. தலைநகரத்தில் யாரோ குளுகுளு அறையில் உட்கார்ந்து எழுதிய கையேடு. முதலில் கைகுலுக்கக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. பிறகு கண்ணைப் பார்த்துப் பேசக் கற்றுக்கொடுத்தாகிவிட்டது. இந்த வாரம் மறுப்பது.

எரிமலை அடிவாரத்து அத்லிஸ்கோ ஊரில் யாரும் யாரையும் மறுப்பதில்லை என்பது கையேடு எழுதிய மகராசனுக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. வழி கேட்டால் தெரியாவிட்டாலும் வழி சொல்கிற ஊர் அது. அதிலும் பெரிய உதவி கேட்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெறுங்கையோடு வரக்கூடாது. இனிப்பு பன் வாங்கிக்கொண்டு, தொப்பியைக் கழற்றிக்கொண்டு வரவேண்டும். எதிராளி பன்னை வாங்கிக் கடித்துவிட்டால் கதை முடிந்தது. அதற்குப் பிறகு உயிரே போனாலும் பின்வாங்க முடியாது.

கல்லூரி இயக்குநர் ஒல்கின் இந்த முறையைத் தொழிலாகவே வைத்திருந்தார். நூலகச் சாவி ஒத்திலியாவிடம் வந்தது ஒரு பன்னில். திங்கட்கிழமைக் கொடி வணக்கம் வந்தது இன்னொரு பன்னில். சுருதி என்றால் என்னவென்றே தெரியாத அவளிடம் பாடகர் குழு வந்து சேர்ந்ததோ, வெண்ணெய் தடவிய சோள ரொட்டி ஒன்றில். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கிற கையெழுத்து அவருடையது என்பதால் ரொட்டி எதுவும் தொண்டையில் சிக்கியதில்லை.

இந்தத் திங்கட்கிழமை அவர் வாசலில் நின்று சொன்னார். “ஒத்திலியா மேடம், இந்தத் தவணை சனிக்கிழமை வகுப்பெல்லாம் நீங்க பார்த்துக்கிட்டா எனக்கு நிம்மதி. வியாழக்கிழமை வந்து முறையா கேக்கறேன்.”

முறையாக என்றால் பன்னோடு என்று அர்த்தம்.

ஒத்திலியா விரல்விட்டு எண்ணிப் பார்த்தாள். திங்கள் முதல் வெள்ளி வரை கல்லூரிக்கு. ஞாயிற்றுக்கிழமை மாமியாருக்கு. மிச்சமிருப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அன்றைக்கு அவள் கொல்லைப்புறத்தில் நாற்காலி போட்டு, வெந்நீர் வாளிக்குள் காலை வைத்து, எரிமலை புகைவிடுவதைப் பார்த்தபடி ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பாள். அவ்வளவுதான். அந்த ஒன்றும் செய்யாத ஒருநாளை அவள் உயிரைப்போல நேசித்தாள். ஆனால் இதை ஒரு காரணம் என்று வெளியே சொல்ல முடியுமா? வியாழக்கிழமை காலை கண்ணாடி முன் நின்று “முடியாது சார்” என்று சொல்லிப் பார்த்தாள். உடனே கண்ணாடியிடம் மன்னிப்புக் கேட்டாள்.

அந்த நிலைமையில்தான் வகுப்புக்குப் போனாள்.

“ஒருத்தர் கேக்கணும், இன்னொருத்தர் மறுக்கணும்,” என்று விளக்கினாள். “பொய்க் காரணம் கூடாது. அப்புறம் பாக்கலாம்னு இழுக்கக் கூடாது. சிரிச்ச முகமா, தெளிவா, முடியாதுன்னு சொல்லணும். முதல்ல கிரிசெல்டா, சவுல்கிட்ட எதையாவது கேளும்மா.”

கிரிசெல்டா வாயாடி. சவுல் புது பைக் வாங்கி அதைப் பெற்ற பிள்ளையைப் போலத் துடைத்துக்கொண்டிருப்பவன்.

“டேய் சவுல், உன் பைக்கை ரெண்டு நாளைக்குக் குடுடா.”

சவுலுக்கு முகம் சிவந்தது. “அது வந்து… பிரேக்கு கொஞ்சம்…”

“காரணம் சொல்லக் கூடாதுன்னாங்கல்ல?”

சவுல் டீச்சரைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், சட்டைப் பைக்குள் கையை விட்டுச் சாவியை எடுத்து நீட்டினான். “இந்தா. பெட்ரோல் போட்டிருக்கேன். ஹெல்மெட்டும் வேணுமா?”

வகுப்பு கொல்லென்று சிரித்தது. சாவியை வாங்கிக்கொண்ட கிரிசெல்டாவுக்கு சைக்கிள்கூட ஓட்டத் தெரியாது.

“சரி, இப்ப சவுல் கேக்கட்டும்,” என்றாள் ஒத்திலியா.

“கிரிசெல்டா, என் வீட்டுப்பாடத்தை நீ எழுதித் தர்றியா?”

“இதோ, இப்பவே எழுதித் தர்றேன்.”

“என்னம்மா, நீயும் ஒத்துக்கிட்டியே!”

“ஐயோ டீச்சர், நான் மறுத்துட்டேன்! ‘இதோ இப்பவே’ன்னு சொன்னா அது எந்தக் காலத்துலயும் நடக்காதுன்னு அவனுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுது டீச்சர்,” என்றான் சவுல். “மனசு வலிச்சுது.”

ஒத்திலியா நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள். இப்படி நழுவுவதில் அவளுக்குக் கற்றுக்கொடுக்க இந்தப் பிள்ளைகளிடம் நிறைய இருந்தது; அவளிடம் கற்றுக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை. கஷ்டமான கணக்கைப் போட்டுவிட்டால் சுலபமானது தானாக வரும் என்று நினைத்தாள். அந்த நினைப்புதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

“நம்ம ஊர்ல யாருமே மறுக்க முடியாத விஷயம் எது? ஞானத்தந்தை, ஞானத்தாயா இருக்கச் சொல்லிக் கேக்கறது. அதையே செஞ்சு பார்ப்போம். யார் வீட்ல விசேஷம் வருது?”

ஞானஸ்நானத்துக்கு மட்டுமில்லை, அங்கே எல்லாவற்றுக்கும் ஞானப்பெற்றோர் உண்டு. விழா வைக்கிறவர் தனியாகச் செலவு செய்வதில்லை. மாலைக்கு ஒரு ஞானத்தாய், பந்தலுக்கு ஒரு ஞானத்தந்தை, செருப்புக்கு ஒருவர் என்று ஊரே பங்கு போட்டுக்கொள்ளும். ஒரே விழாவில் பொறுப்பேற்றவர்கள் அன்றிலிருந்து ஒருவருக்கொருவர் சம்பந்தி முறை.

ஜன்னலோரத்திலிருந்து நபோர் தயங்கிக் கையைத் தூக்கினான். காலையில் பூ நாற்றுப்பண்ணையில் வேலை பார்த்துவிட்டு, நகக்கண்ணில் மண்ணோடு கல்லூரிக்கு வருகிறவன். “என் தங்கச்சி யுரிதியாவுக்குப் பதினஞ்சு வயசு முடியுது டீச்சர். விழா மாதிரி வெச்சுக்கலாம்.” பெண் பிள்ளைக்குப் பதினைந்து நிறைந்தால் கிரீடம் சூட்டி, கடைசிப் பொம்மை கொடுத்து, கல்யாணம் மாதிரி விழா எடுப்பது அந்த ஊர் வழக்கம்.

“நல்லது. எல்லாரையும் கேளு. எல்லாரும் மறுக்கணும். கண்டிப்பா!”

நபோர் தன் சாப்பாட்டுப் பையிலிருந்து சிப்பி மாதிரி சர்க்கரைக் கோடு போட்ட பன்னை எடுத்தான். முறை தெரிந்த பையன். தொப்பியைக் கழற்றி, பன்னைப் பிட்டுப் பிட்டு, இரண்டு கையாலும் நீட்டி, ஒவ்வொரு பெஞ்சாகக் கேட்டான்.

சவுல் வாங்கி வாயில் போட்டுக்கொண்டான். “பந்தலும் நாற்காலியும் என்னோடது.” கிரிசெல்டா கிரீடத்துக்கு ஞானத்தாய் ஆனாள். பின்பெஞ்சுப் பையன்கள் பொம்மைக்கும் செருப்புக்கும் சண்டை போட்டுக்கொண்டார்கள். “சம்பந்தியம்மா, என் சாவியைக் குடுத்துடு,” என்று சவுல் கிரிசெல்டாவிடம் கை நீட்டினான். “இதோ இப்பவே,” என்றாள் அவள்.

ஒத்திலியாவுக்கு ஆத்திரம் வந்துவிட்டது. “ஒருத்தராவது மறுங்களேன்டா! நாளைக்கு வேலைக்குப் போற இடத்துல உங்க தலைல மிளகாய் அரைச்சிருவாங்க. இங்க வாடா நபோர், நான் காட்டறேன்.”

நபோர் கடைசித் துண்டை ஏந்தியபடி அவள் முன் வந்து தலை குனிந்தான். “டீச்சர், எங்க யுரிதியாவோட கேக்குக்கு நீங்க ஞானத்தாயா இருந்து எங்க வீட்டைக் கௌரவப்படுத்தணும்.”

ஒத்திலியா மறுக்கத்தான் வாயைத் திறந்தாள். திறந்த வாய்க்குள் பன் எப்படிப் போனது என்று அவளுக்கே தெரியவில்லை. பல வருடப் பழக்கம், கை தானாக வேலை செய்துவிட்டது.

“ஸ்ட்ராபெர்ரியா, தேங்காயா?” என்று கேட்டாள், மென்றுகொண்டே.

பிள்ளைகள் மேசையைத் தட்டிய தட்டில் சுண்ணாம்பு உதிர்ந்தது. நபோர் மட்டும் சிரிக்கவில்லை. தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றான்.

“டீச்சர், இது சும்மா பயிற்சிதானே? யாரும் ஒண்ணும் தர வேண்டாம். அப்பா வேலைக்கு எல்லை தாண்டி வடக்கே போனதுலேர்ந்து அம்மா விழா வேண்டாம்னுட்டாங்க. யுரிதியாவும் சரின்னு சொல்லிட்டா.”

சிரிப்பு நின்றது.

“என்னடா பேசற?” என்று சவுல் எழுந்தான். “பன்னைத் தின்னுட்டேன். இப்ப வாந்தியா எடுக்க முடியும்? எப்போ விழா, அதைச் சொல்லு.”

“பிறந்தநாள் இந்த மாசக் கடைசி சனிக்கிழமை. ஆனா அம்மா…”

“அம்மாகிட்ட நான் பேசறேன். என்கிட்ட யாராலயும் மறுக்க முடியாது,” என்றாள் கிரிசெல்டா.

சனிக்கிழமை என்றதும் ஒத்திலியாவுக்குச் சுருக்கென்றது. ஆனால் நபோரின் முகத்தைப் பார்த்ததும் வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருந்தது. போகட்டும், ஒரு சனிக்கிழமை. இந்தப் பிள்ளைகளை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது, மறுக்கத் தெரியாத முட்டாள்களாக இருந்தாலும்.

“பேண்டு வாத்தியத்துக்குத்தான் ஆளில்ல,” என்று யாரோ கணக்குச் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. முதலில் வெண்ணெய் வாசனை வந்தது. அதன் பின்னால் நூல் கட்டிய ரோஜா நிறப் பெட்டியோடு ஒல்கின் வந்தார்.

“பாடம் நடக்குதா? நடக்கட்டும், நடக்கட்டும். ஒரு நிமிஷம் மேடம்.” பெட்டியைத் திறந்தார். சதுக்கத்து பேக்கரியின் பன்கள், இன்னும் சூடு ஆறாதவை. “அந்த சனிக்கிழமை விஷயம். முறையா கேக்க வந்திருக்கேன்.”

ஒத்திலியாவின் வலது கை மெல்ல எழுந்தது. அவள் அதை இடது கையால் பிடித்து இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

“சார், மாசக் கடைசி சனிக்கிழமை நான் கேக்குக்கு ஞானத்தாய்.”

“அடடா, கண்டிப்பா போகணும்! அன்னைக்கு லீவு எடுத்துக்குங்க. மத்த சனிக்கிழமை வாங்க.” பெட்டியை இன்னும் கொஞ்சம் முன்னால் நீட்டினார்.

நல்ல காரணம் ஒன்று இருந்தது, அதுவும் தீர்ந்துவிட்டது.

“மத்த சனிக்கிழமை உங்களுக்கு என்ன வேலை மேடம்?”

“ஒண்ணுமில்ல சார்.”

“அப்புறம் என்ன?”

வெந்நீர் வாளி கண்முன் வந்தது. ஒப்பந்தக் காகிதமும் வந்தது. முன்பெஞ்சில் கிரிசெல்டா சத்தமில்லாமல் உதட்டை அசைத்துச் சொல்லிக்கொடுத்தாள். மாணவி டீச்சருக்கு.

“முடியாது சார்,” என்றாள் ஒத்திலியா.

சிரித்த முகமாகச் சொல்ல மறந்துவிட்டாள். மற்றபடி கையேட்டில் இருந்தபடியே இருந்தது.

ஒல்கினுக்குக் கோபம் வரவில்லை. கோபம் வருவதற்கு முதலில் புரிய வேண்டும். இத்தனை வருடத்தில் யாரும் அவர் பெட்டியை இப்படி வாங்காமல் விட்டதில்லை. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவர் கைகள் அந்தரத்தில் நின்றன. மெல்ல மெல்லக் காது சிவக்கத் தொடங்கியது. ஒத்திலியாவுக்கு ஒப்பந்தம் போயே போய்விட்டது என்று தோன்றியது.

அப்போது நபோர் முன்னால் வந்தான். கசங்கிய தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். இயக்குநரின் பெட்டியிலிருந்தே ஒரு பன்னை எடுத்து, இரண்டு கையாலும் இயக்குநரிடமே நீட்டினான்.

“சார், என் தங்கச்சி யுரிதியாவுக்குப் பதினஞ்சு. பேண்டு வாத்தியத்துக்கு நீங்க ஞானத்தந்தையா இருந்து எங்க வீட்டைக் கௌரவப்படுத்தணும்.”

ஒல்கின் பன்னைப் பார்த்தார். தன்னையே பார்த்துக்கொண்டிருக்கும் வகுப்பைப் பார்த்தார். அவரும் அந்த ஊர்க்காரர்தானே, பாவம். வாங்கிக் கடித்தார்.

“சின்ன பேண்டா, பெரிய பேண்டா?” என்று கேட்டார் ஈனஸ்வரத்தில்.

“பெருசு சார்!” என்று வகுப்பே கத்தியது.

“டீச்சரும் நீங்களும் இப்ப சம்பந்தி ஆயிட்டீங்க சார்,” என்று கிரிசெல்டா எடுத்துக்கொடுத்தாள். “சம்பந்திகிட்ட யாராவது சனிக்கிழமை வேலை வாங்குவாங்களா? ஒப்பந்தத்துல கைய வைப்பாங்களா?”

அந்த ஊரில் இதற்குப் பதில் கிடையாது. ஒல்கின் மென்று விழுங்கினார். பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, கதவுவரை போய்த் திரும்பினார். “கேக்கு ஸ்ட்ராபெர்ரியா இருக்கட்டும், சம்பந்தியம்மா,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

“டீச்சர், எங்களுக்கு மார்க்கு?” என்றான் சவுல்.

“எல்லாரும் ஃபெயில்.”

“நீங்க?”

ஒத்திலியா நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, பெட்டியிலிருந்து ஒரு பன்னை எடுத்தாள். அதை யாரும் அவளிடம் நீட்டவில்லை. யாரும் அதோடு எதையும் கேட்கவில்லை. கடித்துப் பார்த்தாள். வெறும் பன் இவ்வளவு ருசியாக இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது.