ஊறுகாய்ப் போத்தலில் ஒரு சக்களத்தி

சிவமலருக்குச் சக்களத்தி ஒருத்தி இருந்தாள். நிறம் பச்சை, வசிப்பிடம் ஊறுகாய்ப் போத்தல்.

அவள் புருஷன் பாலேந்திரன் சுவிஸ் நாட்டு லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தான். வெள்ளரிக்காய் ஊறுகாய் வந்த பெரிய கண்ணாடிப் போத்தலைக் கழுவி, அடியில் கல்லும் மண்ணும் போட்டு, காட்டில் பிடுங்கிய பாசியை அதற்குள் வளர்த்தான். அவள் யாழ்ப்பாணத்தில், அவன் இங்கே என்று நாலு வருஷம் போயிருந்தது. எண்பத்தெட்டில் அவள் வந்து சேர்ந்தபோது போத்தல் அவளுக்கு முன்னமே ஜன்னலோரம் குடியேறிவிட்டது.

வேலையால் வந்ததும் நேரே அதனிடம்தான் போவான். தண்ணீர் விசிறுவான், மூடியைத் துடைப்பான், ஓரம் மஞ்சளாகிறதே என்று கவலைப்படுவான். அதற்குப் பிறகுதான் "சாப்பிட்டனீரோ?" என்று கேள்வி வரும். ஊரில் கிணற்றடியில் பிடித்தால் உரஞ்சித் தள்ளுகிற சனியனுக்கு இங்கே இவ்வளவு மரியாதை! ஒரு வெள்ளைக்காரி என்றாலும் முகத்தைப் பார்த்துச் சண்டை பிடிக்கலாம். பாசியோடு எப்படிச் சண்டை பிடிப்பது?

தை மாதம் ஹோட்டல்காரர் அவனை மூன்று கிழமைக்கு, இருபத்தொரு நாளுக்கு, மலையில் இருந்த தங்கள் இன்னொரு ஹோட்டலுக்கு அனுப்பினார்கள். புறப்படும்போது அரை மணி நேரம் பாடம் நடந்தது.

"காலமையும் பின்னேரமும் விசிறும். ஒவ்வொரு நாளும் மூடியைத் திறந்து காத்துப் பட விடும். மறந்திடாதையும்."

பாஷை தெரியாத ஊரில் தனியாக இருக்கப்போகிறவளைப் பற்றி ஒரு சொல் இல்லை.

அவன் பஸ் ஏறியதும் சிவமலர் மூடியை இறுக்கித் திருகினாள். வெயிலே எட்டிப்பார்க்காத குசினி ஜன்னலில், திரைக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தாள். செத்துத் தொலையட்டும். மூன்று கிழமையும் அந்தப் பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. டெலிபோனில் அவன் "பாசி எப்பிடி?" என்று தொடங்கும்போதெல்லாம் "இருக்குது" என்றாள்.

திரும்பி வந்தவன் போத்தலைத் தேடிக் குசினித் திரையை விலக்கினான். சிவமலர் ஏச்சு வாங்கத் தயாராக நின்றாள். ஏசுவதற்காவது தன் முகத்தைப் பார்ப்பான் அல்லவா?

பாசி மஞ்சளெல்லாம் போய், மெத்தைமாதிரிப் பொங்கி, பச்சைப்பசேலென்று இருந்தது.

"என்னப்பா செய்தனீர்?"

"ஒண்டும் செய்யேல்லை. தண்ணியும் விடேல்லை, திறக்கவும் இல்லை."

"அட, நான்தான் தண்ணியை விட்டு விட்டுப் பழுதாக்கியிருக்கிறன்!" அவனுக்கு வாயெல்லாம் பல். "சும்மா விட்டாலே இதுக்குக் காணும்போல, வேறை ஒண்டும் தேவையில்லை."

நாலு வருஷமும் மூன்று கிழமையும் சும்மா விடப்பட்டிருந்த சிவமலர் திரையை இழுத்துப் போத்தலை மறைத்தாள்.

"அதுக்குக் காணும்," என்றாள். "எனக்குக் காணாது."