மார்க்குக்குப் படித்த பிரெஞ்சு

எங்கள் திருச்செங்கோட்டில் பிள்ளைகள் பிரெஞ்சு படிப்பது பேசுவதற்கு அல்ல, மார்க்குக்கு. தமிழ் எடுத்தால் மார்க் குறையுமாம். பிரெஞ்சு என்றால் அள்ளிக் கொடுப்பார்களாம். இந்தக் கூத்தைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தவள் நான். அன்றைக்கு அந்தப் பிரெஞ்சு டியூஷன் நடக்கும் மாடிக்குச் செருப்பைக்கூடக் கழற்றாமல் ஏறினேன்.

என் வீட்டுக்காரர் ஈஸ்வர் ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் வண்டியோடு ஆப்பிரிக்காவில் போர் போடுகிறார். எஞ்சினை ஓட்டுவதற்கு முன்னால் தினமும் காலையில் என்னிடம் பேசிவிடுவார். அன்றைக்குப் பேசவில்லை. மத்தியானம் அவர் நம்பரிலிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ் வந்தது. குரல் அவருடையது இல்லை. பாஷையும் நம்முடையது இல்லை. அங்கே பிரெஞ்சுதான் பேசுவார்கள் என்று அவர் சொல்லியிருக்கிறார். ரிக் முதலாளி போனை எடுக்கவே மாட்டேன் என்கிறார்.

தண்டாயுதபாணி சார் போர்டில் நடுக்கோடு கிழித்து, பிரெஞ்சு வினைகளை இரண்டாகப் பிரித்து, கீழே தமிழில் அர்த்தம் எழுதியிருந்தார். இடது பக்கம் செயப்படுபொருள் கேட்கிறவை: உடை, தள்ளு, கொல். வலது பக்கம் கேட்காதவை: போ, விழு, சா. மேல் மூலையில் முதல் பாடம் அழியாமல் இருந்தது: வீ, ஆமாம்; நோன், இல்லை. நான் போர்டிலிருந்து கண்ணை எடுத்து, போனைச் சாரிடம் நீட்டினேன்.

மெசேஜை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டார். அவர் நெற்றி வேர்த்தது.

"ரொம்ப வேகமாப் பேசறானுங்க அம்மிணி. எழுத்துல இருந்தா சொல்லிப்போடுவனுங்க."

"அவன் எங்கீங்க எழுதிக் குடுப்பான்?"

வகுப்பிலேயே முதல் மார்க் வாங்கும் சௌமியா போனைக் காதில் வைத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். கடைசியில் சாரின் விரல் போர்டின் வலது பக்கம் போனது.

"தோம்பேன்னு ஒண்ணு கேக்குதுங்க. விழறது. யாரோ விழுந்திருக்காங்க, இல்லாட்டி ஏதோ விழுந்திருக்கு. இதுக்குச் செயப்படுபொருள் வராதுங்க, யாரும் தள்ளுனதா அர்த்தம்..."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது.

"தள்ளுனாங்களா, தானா உழுந்தாரான்னு நான் கேக்கலீங்க. உசுரோட இருக்காரான்னு கேளுங்க. அதுக்கு உங்க பிரெஞ்சுல ஒரு வரி இருக்குமல்ல?"

இருந்தது. எழுதத்தான் அவர்களுக்கு நன்றாக வருமே. பிள்ளைகள் கூடி எழுதி, அழித்து, திரும்ப எழுதினார்கள். சார் ஒரு எழுத்தைத் திருத்திவிட்டுத் தலையசைத்தார். நான் நம்பரைப் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன்.

அதே குரல்தான் எடுத்தது. பின்னால் ரிக் ஓடுகிற சத்தம் இல்லை. ஆட்கள் தாழ்ந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். போர்டைப் பார்த்துச் சௌமியா அந்த வரியைத் தடுமாறாமல் படித்தாள்.

அந்தப் பக்கமிருந்து ஒரே ஒரு சொல் வந்தது.

"நோன்."

அதற்குப் பிறகு அவன் நிறையப் பேசினான். யாருக்கும் புரியவில்லை. அந்தச் சொல் மட்டும் முதல் பாடத்திலேயே வந்துவிடும் போலிருக்கிறது. ஒரு பிள்ளையும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. சார் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு என் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

"சொல்லிப்போடாதீங்க சார்" என்றேன்.