ஆள் இறங்கிய வண்டி

சனிக்கிழமைக் குறும்பந்தயத்தில் தம்பி ஜெயித்துவிட்டான். குழுவே குதித்தது. ஹெட்போன் மாட்டி அவனுக்கு ரேடியோவில் வழி சொல்லும் அக்கா மட்டும் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை.

போன வருஷம் இதே தடத்தில் அண்ணனும் சனிக்கிழமை ஜெயித்தான். ஞாயிற்றுக்கிழமை பெரிய பந்தயத்துக்குப் போனவன் திரும்பி வரவில்லை. குட்டி ஓட்டத்தில் ஜெயித்தவனுக்குத் தலைகால் புரியாது. மறுநாளும் உலகமே தனக்கு வழிவிடும் என்று நினைப்பான். அண்ணனுக்கும் அந்த வியாதி இருந்தது.

"கலக்கிட்டக்கா!" தம்பி ரேடியோவில் கத்தினான். "கடைசி வளைவுல 'பிரேக்கைத் தொடாதடா பொடியா'ன்னு சொன்னியே, அதான் ஜெயிச்சேன்."

அந்த வளைவில் அவள் வாயே திறக்கவில்லை. அவனைப் பொடியா என்று கூப்பிட்டவன் அண்ணன் ஒருத்தன்தான்.

ஓடி முடித்த வண்டிகளைக் கயிறு கட்டிய இடத்தில் எடை பார்ப்பார்கள். அங்கே குழு ஆட்கள் வண்டியைத் தொட்டால் வெற்றியும் போச்சு, மறுநாள் ஓட்டமும் போச்சு. தம்பி இறங்கினான். காலி வண்டியைத் தராசில் ஏற்றினார்கள்.

எடை போடுபவர் தராசைத் தட்டிப் பார்த்தார். "பெட்ரோல் எரிஞ்சு குறையணும். அதைக் கழிச்சுப் பார்த்தா எழுபத்தோரு கிலோ கூடியிருக்கு! உள்ள யாரையாவது மறந்துட்டீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். அக்கா தராசின் எண்ணை மறுபடி படித்தாள். எழுபத்தொன்று அண்ணனின் எடை. அதை வைத்துத்தான் அவன் வண்டிக்கு அவள் எரிபொருள் கணக்குப் போடுவாள்.

"குறைஞ்சாத்தான் தப்பு. நாளைக்கு ஓட்டலாம்," என்றார் அவர்.

"நாளைக்கும் அதே மாதிரி சொல்லுக்கா," என்று தம்பி பல்லெல்லாம் தெரியச் சிரித்தான்.

அவள் கயிற்றைத் தாண்டினாள். "அம்மா, தொடாதீங்க!" என்று யாரோ கத்தினார்கள். காலி இருக்கையில் கையை வைத்தாள். "இவனை விட்டுடுண்ணா. எனக்கு மிச்சம் இவன் ஒருத்தன்தான்."

கையுறை போட்ட ஒரு கை அவள் விரல்களை இறுக்கிப் பிடித்தது. பிறகு விட்டது. தராசில் எண் மளமளவென்று இறங்கியது.

"என் பொழைப்புல மண்ணைப் போட்டுட்டியே!" தம்பி அலறினான். திட்டட்டும், திட்டுவதற்கு நாளைக்கும் இருப்பான். அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வெற்றி இரண்டாவதாக வந்தவனுக்குப் போனது. கயிற்றுக்கு வெளியே அவனுடைய அக்காவோ யாரோ, கை வலிக்கக் கைதட்டிக்கொண்டிருந்தாள். அவன் இறங்கியதும் அவனுடைய காலி வண்டியைத் தராசில் ஏற்றினார்கள்.

எடை போடுபவர் மறுபடியும் தராசைத் தட்டினார்.