உடன்பிறந்தவர்: இல்லை

"ஃபாரத்துல என்னைய ஒத்தப் பிள்ளைன்னு எழுதியிருக்கியே, அப்ப நீ யாரு? பக்கத்து பிளாக்குப் பிள்ளையா?" என்று கருணாகரன் சிரித்தான்.

"அப்பா சொன்னாங்க, எழுதினேன். சும்மா கெட."

"மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சுரும்னு பயம். சரி. ஆனா இது அம்மா வழியா வர்ற நோயாம்ல. கூடப்பொறந்தவங்க ரத்தத்தையும் சேத்துப் பாத்தாத்தான் ஜீன் எந்த எடத்துல கெட்டிருக்குன்னு பிடிக்க முடியும்னு டாக்டர் சொன்னாரு. இதால எனக்கு ஒண்ணும் கொணமாகப் போறதில்லக்கா. பின்னால வர்றவனுக்கு உதவும். ஒரு தடவ அவர்ட்ட, நான்தான் இவன் அக்கான்னு சொல்லிரு."

"சொல்றேன்."

அது பொங்கலுக்கு முன்னால். இப்போது ஆடி மாதம். சுப்புலட்சுமி இன்னும் சொல்லவில்லை.

இன்று விடியற்காலை கருணாகரன் மூச்சு முட்டி இறந்துபோனான். இருபது வயது. குவார்ட்டர்ஸ் முன்னறையில் பெஞ்சின் மேல் கிடத்தியிருந்தார்கள். அவள் ஈரத்துணியால் அவன் கால்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு வயதில் நடை நின்று, அதன்பிறகு மடங்கியே போன கால்கள். அப்பாவோடு மைன்ஸில் வேலை பார்க்கும் இரண்டு பேர் முட்டியை அமுக்கி நேராக்கப் பார்த்தார்கள்.

"அமுக்காதீங்கண்ணே. அது நீளாது."

அவளுக்கு வரப்போகும் மாமியார் தனபாக்கியம் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஏன் அண்ணாச்சி, சைக்கிள்ல விழுந்தா காலு ரெண்டும் இப்படியா மடங்கும்?"

"முதுகெலும்புல அடி, மதினி" என்றார் அப்பா மாடசாமி. எட்டு வருஷமாகச் சொல்லிவந்த பதில். யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். அம்மா பேச்சியம்மாள் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வாய்விட்டு அழக்கூடத் தனக்கு உரிமை இல்லை என்பதுபோல.

பதினோரு மணிக்கு டாக்டர் சக்கரபாணி வந்து சேர்ந்தார். கெட்டுப்போன ஜீனுக்குப் பதிலாக நல்லதை உடம்புக்குள் செலுத்தும் வைத்தியம் என்றாவது வரும் என்று நம்பி ஆராய்ச்சி செய்கிறவர்களுக்கு வழிசொல்லும் குழுவில் அவரும் ஒருவர். கருணாகரனிடம் ரத்தம் எடுக்க இன்று வருவதாகக் கடிதம் போட்டிருந்தார். சாவுச் செய்தி தெரியாமல், மெட்ராஸிலிருந்து ஐஸ் போட்ட ஃபிளாஸ்கோடு வந்திருந்தார். அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு மாடசாமியின் தோளைத் தொட்டார்.

"இருந்த ஒரே பிள்ளையையும் பறிகொடுத்துட்டீங்களே."

தனபாக்கியம் நிமிர்ந்தாள்.

"என்ன அண்ணாச்சி, ஒரே பிள்ளைங்கிறாரு? அப்ப எங்க வீட்டுக்கு வரப்போறவ யாரு?"

டாக்டர் குழம்பிப்போய்ப் பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தார். 'உடன்பிறந்தவர்: இல்லை.' சுப்புலட்சுமியின் குண்டு குண்டான எழுத்து. பரீட்சைக்கு எழுதியதுபோல அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியிருந்தாள்.

மாடசாமி அவளைப் பார்த்து, வேண்டாம் என்பதாகத் தலையை லேசாக அசைத்தார். கூடியிருந்தவர்கள் எல்லாரும் அவள் வாயையே பார்ப்பதாக அவளுக்குத் தோன்றியது. துணியை மடித்தாள். மறுபடி பிரித்தாள்.

"அதை எழுதினது நான்தான் டாக்டர். நான் இவனோட அக்கா. இவன் சைக்கிள்ல விழல." துணியைக் கீழே வைத்தாள். "என் ரத்தத்தையும் உங்கள எடுத்துக்கச் சொன்னான். எடுத்துக்கோங்க."

சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் மெல்ல இந்தப் பக்கம் திரும்பினாள்.