நாத்தனார் சாட்சி

ஒரே வீட்டில் இருந்துகொண்டு நாத்தனாரோடு பேசாமல் இருப்பது லேசான காரியம் இல்லை. என்னிடம் இருந்த ஒரே கம்பளிச் சட்டையை வெந்நீரில் போட்டுச் சுருக்கி அவள் பொம்மைச் சட்டையாக்கிய நாளிலிருந்து எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் என் கணவர் வழியாகத்தான். உப்பு அவள் கைக்குப் பக்கத்திலேயே இருக்கும். "உங்க தங்கச்சியை அந்த உப்பை நகர்த்தச் சொல்லுங்க" என்பேன் கணவரிடம். அந்த மனிதர் வேலைக்குப் போவதே காதுக்கு ஓய்வு கொடுக்கத்தான்.

இந்த லட்சணத்தில் பல்கலைக்கழகம் என்னை நேர்காணலுக்குக் கூப்பிட்டது. செவிலியர் பட்டப்படிப்பு. அகதிகளுக்கென்று புதிதாகச் சில இடங்கள் ஒதுக்கியிருந்தார்கள். என் சான்றிதழ்கள் வீட்டோடு எரிந்துபோயின; நான் படித்த பள்ளிக்கூடமும் இப்போது இல்லை. அதற்கும் ஒரு வழி வைத்திருந்தார்கள் புண்ணியவான்கள். கூடப் படித்த ஒருவர் நேரில் வந்து சொன்னால் போதுமாம். இந்த ஊரைச் சல்லடை போட்டுச் சலித்தாலும் என்னோடு படித்தவள் ஒருத்திதான். அந்த மகராசி எங்கள் வீட்டுச் சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"வர்றேன்னு உன் பொண்டாட்டிகிட்ட சொல்லுண்ணே" என்றாள், வெங்காயத்தைப் பார்த்தபடி.

சேர்க்கை அலுவலரின் மேசைமேல் ஒரு போன். அதன் ஸ்பீக்கரில் எங்கிருந்தோ ஒரு தமிழ் மொழிபெயர்ப்பாளர். நாத்தனார் எழுந்து நின்று, என் கணவர் சொல்லிக்கொடுத்ததை ஒப்பித்தாள்: "அண்ணி ரொம்ப நல்லவங்க. நல்லாப் படிப்பாங்க."

"இதைப் பக்கத்து வீட்டுக்காரர்கூடச் சொல்லலாமேன்னு கேக்கறாரு" என்றது போன். இந்த இடமும் போச்சு என்றே நினைத்தேன்.

"வேதியியல் செய்முறையில எனக்குப் பக்கத்து மேசை!" என்றாள் நாத்தனார் அவசரமாக. "சுடர் பச்சையா வந்துச்சு. பேரியம்னு காதுல சொன்னேன். கேக்காம செம்புன்னு எழுதி வச்சாங்க."

என்னால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "அது செம்புதான்! பச்சையில நீலம் கலந்திருந்துச்சு."

"நீலத்தை நீ கண்டே! கந்தக அமிலம் விட்டதும் வெள்ளையா வீழ்படிவு வந்துச்சே, அதுவும் செம்பாடி?"

இத்தனை மாதத்தில் என்னிடம் நேராகப் பேசியதே இதுதான், அதுவும் டி போட்டு. நான் அவள் அண்ணனைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் அப்படித்தான் என்னைக் கூப்பிடுவாள்.

"தவளையை அறுக்கறதுக்குள்ள மயங்கி விழுந்தவ, நீ பேசாதடி!"

"மயங்கி எழுந்து ரெண்டு பேருக்கும் படம் வரைஞ்சது நான்தான்டி!"

போன் கெஞ்சியது. "அம்மா, ஒருத்தர் ஒருத்தரா திட்டுங்க. நான் சொல்ல வேண்டாமா?"

ஒன்று விடாமல் சொல்லச் சொன்னார் அலுவலர். வீழ்படிவுவரை கேட்டுவிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கூடப் படித்தவர்கள்தான், சந்தேகமே இல்லை என்றார். எனக்கு இடம் உண்டு என்றும் சொன்னார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. பிறகு அவர் நாத்தனார் பக்கம் திரும்பினார்.

"இவ்வளவு தெரிஞ்சவங்க நீங்க ஏன் விண்ணப்பிக்கலைன்னு கேக்கறாரு" என்றது போன். "இன்னும் இடம் இருக்காம்."

அவள் கைப்பையின் வாரைத் திருகிக்கொண்டே இருந்தாள். "ஆசைதான். எங்கிட்டயும் சான்றிதழ் இல்ல, கூடப் படிச்சவங்க வந்து சொல்லணுமே. அண்ணிகிட்ட எப்படிப் போய்க் கேக்கறது? பேச்சே இல்லையே."

எனக்கு யாரோ அறைந்த மாதிரி இருந்தது. நாற்காலியை மேசைப் பக்கம் இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அண்ணே, போனை வச்சிடாதீங்க" என்றேன். "இவ என்கூடப் படிச்சவ. அது பேரியம்தான்."